தொலைந்த கார் சாவி: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

சாவி தொலைந்ததும் பெரும்பாலானோர் முதலில் கூப்பிடுவது கார் வாங்கிய ஷோரூமை. மறுமுனையில் சொல்லும் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். ‘ஒரு சாவிக்கா இவ்வளவு?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பில்லில் இருப்பது சாவி மட்டுமில்லை. சாவிக்குள் இருக்கும் சிப், ரிமோட், அதைக் காரோடு சேர்த்துவைக்கும் கோடிங் கூலி, சில சமயம் முழுப் பூட்டு செட் என்று பலதும் அதில் ஏறியிருக்கும். அவற்றில் தனக்கு எது தேவை, எது இல்லாமலும் காலம் தள்ளலாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குச் செலவு பெரிதாகக் குறையும். இன்னொரு விஷயமும் விலையைத் தீர்மானிக்கிறது. கையில் வேறொரு சாவி மிச்சம் இருக்கிறதா, இல்லையா? ஒரே காருக்கு, ஒரே கடையில், இந்த ஒரு வித்தியாசத்தால் பில் இரண்டு மூன்று மடங்காகும்.

முதலில் இரண்டாவது சாவி

புதுக் கார் டெலிவரி எடுக்கும்போது இரண்டு சாவி தருவார்கள். ஒன்று அன்றே கீ செயினில் ஏறிவிடும். மற்றது பீரோ லாக்கரில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். நாளடைவில் அது இருப்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோகும். தொலைந்ததைத் தேடுவதற்கு முன் இதைத் தேடுங்கள். கடனில் வாங்கிய கார் என்றால், பைனான்ஸ் கொடுத்தவர்கள் இரண்டாவது சாவியை வாங்கி வைத்திருக்கவும் கூடும். கடன் முடிந்ததும் என்.ஓ.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு, சாவியைக் கேட்காமல் வந்தவர்கள் உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் முன்பு வைத்திருந்தவருக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். முன்பு டிரைவர் வைத்திருந்தீர்கள் என்றால் அவரையும் கேட்டுவிடுங்கள்.

சாவிகளோடு ஒரு சின்ன உலோக வில்லையோ பிளாஸ்டிக் துண்டோ வந்திருக்கும். அதில் சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். அதுதான் சாவி எண். ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்கச் சேஸிஸ் எண் வேறு, இது வேறு. இந்தச் சாவி எண் கையில் இருந்தால், பூட்டைத் தொடாமலேயே, பழைய சாவியைப் பார்க்காமலேயே புது பிளேடை அச்சு அசலாக வெட்டிவிடலாம். நம்மில் பலர் அதைக் கீ செயினிலேயே தொங்கவிட்டிருப்போம். சாவியோடு சேர்ந்து அதுவும் போய்விடும். காரின் டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவைப்பது அதைவிட மோசம். வீட்டு ஆவணங்களோடு இருக்கட்டும்.

வெளியூரில் கார் நிற்கிறது, வீட்டில் இன்னொரு சாவி இருக்கிறது என்றால், உங்கள் இன்சூரன்ஸிலோ கார் கம்பெனித் திட்டத்திலோ சாலையோர உதவி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டிய காரைத் திறந்து தருவது, மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து கொடுப்பது ஆகியவை அதில் பெரும்பாலும் அடங்கும். இருக்கிறது என்றே தெரியாமல் வருஷா வருஷம் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

சாவி உள்ளே கிடக்கிறது, கதவு பூட்டிக்கொண்டது என்றால் கண்ணாடியை உடைக்கும் யோசனையே வேண்டாம். சாவிக்காரர் கதவு இடுக்கில் காற்றுப் பையை வைத்து ஊதி, நீளக் கம்பியை நுழைத்துத் திறந்துவிடுவார். பின்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடி மலிவாக இருக்கும் என்று நினைத்து அதை உடைப்பவர்கள், மாற்றும்போதுதான் விலையைத் தெரிந்துகொள்கிறார்கள். உள்ளே குழந்தை இருந்தால் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் கண்ணாடியை உடனே உடைத்துவிட வேண்டும்.

சாவிக்குள் என்ன இருக்கிறது

மடக்கு வகை ரிமோட் சாவி ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பக்கவாட்டு இடுக்கில் நகத்தை விட்டுத் திருகினால் இரண்டு பாதியாகப் பிரியும். ஒரு பக்கம் பொத்தான்கள் உள்ள சின்ன சர்க்யூட் பலகை, அதனடியில் சிஆர் 2032 போன்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. இது ரிமோட். கதவைப் பூட்டித் திறப்பதோடு இதன் வேலை முடிந்தது. மறுபக்கம் ஸ்பிரிங்கில் மடங்கி நிற்கும் உலோக பிளேடு. மூன்றாவது ஒன்று உண்டு, சட்டென்று கண்ணில் படாது. கூட்டின் ஒரு மூலையில், பிளாஸ்டிக் குழிக்குள் செருகிய கறுப்புத் துண்டு. 12 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம். வயர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பார்த்தால் ஏதோ அடைப்புத் துண்டு மாதிரிதான் இருக்கும். இதுதான் சிப். இன்ஜினை ஓட விடுவதும் விடாததும் இந்தத் துண்டின் கையில். சில சாவிகளில் இது தனியாக இல்லாமல் சர்க்யூட் பலகையிலேயே பற்றவைத்திருக்கும்.

சாவி போடும் துளையைச் சுற்றி ஒரு சுருள் கம்பி வளையம் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த வளையம் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அலையை எழுப்பும். அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு சிப் தன் ரகசிய எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டரில் பதிந்த எண்ணோடு அது பொருந்தினால் இன்ஜின் ஓடும். பொருந்தாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அல்லது இரண்டொரு நொடி ஓடி அணைந்துவிடும். மீட்டரில் கார் படத்துக்குள் சாவி போட்ட சின்ன விளக்கு மினுக்கும். இந்த ஏற்பாட்டின் பெயர் இம்மொபிலைசர். மாருதி கார்களில் இதை ஐகேட்ஸ் என்பார்கள்.

இதனால்தான் தெருமுனைக் கடையில் இருநூறு ரூபாய்க்கு வெட்டிய சாவி கதவைத் திறக்கிறது, காரை ஓட்ட விடுவதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர் வெட்டிக் கொடுத்தது பிளேடை மட்டும்தான். பழைய மாருதி 800, அம்பாசடர் போன்ற சிப் இல்லாத கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பகுதியில் மேற்கொண்டு எதுவும் தேவையில்லை. அவருக்கு அந்த இருநூறு ரூபாய்ச் சாவியே போதும்.

ரிமோட், பிளேடு, சிப் என்ற இந்த மூன்று சமாச்சாரமும் தெரிந்திருந்தால் வீண் செலவுகள் சிலவும் தப்பும். பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சாவி கெட்டுப்போகவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும், நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. மேல் கூடு உடைந்துவிட்டால் புதுக் கூடு மட்டும் தனியாகக் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில், பெரிய ஊர்களின் கார் அலங்காரக் கடைகளில், ஆன்லைனில் என்று எங்கும் இருக்கிறது. பழைய பிளேடையும் பலகையையும் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். இங்கேதான் கவனம் வேண்டும். கூட்டை மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் எறிகிறார்கள். அந்தக் கறுப்புத் துண்டும் அதோடு போய்விடுகிறது. அடுத்த நிமிஷம் கார் ஓடாது. கடையில் மாற்றினாலும் பழைய கூட்டை வாங்கிப் பார்த்து, கார் ஸ்டார்ட் ஆகிறதா என்று சோதித்த பிறகே நகருங்கள்.

ஒரு சாவி மிச்சம் இருந்தால்

இந்த நிலையில் இருப்பவர் அதிர்ஷ்டசாலி. ஆனால் அந்த அதிர்ஷ்டத்தைப் பெரும்பாலோர் வீணடிக்கிறார்கள். ‘ஒண்ணுதான் இருக்கே, ஓடட்டும்’ என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அதுவும் தொலையும் நாளில்தான் பெரிய பில் வருகிறது.

மிச்சச் சாவி இருக்கும்போது இரண்டு வழி. ஒன்று, சிப்பை நகலெடுப்பது. சாவிக்காரர் உங்கள் சாவியைக் கருவியில் வைத்து, அதே எண்ணை வெற்று சிப்பில் எழுதித் தருவார். காரைத் தொடவே வேண்டியதில்லை. காருக்கு இரண்டும் ஒரே சாவிதான். மலிவு, வேகம். ஆனால் நாளைக்கு ஒன்று தொலைந்து, அதைக் காரின் நினைவிலிருந்து அழிக்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்தே அழியும். புதுக் கார்களின் சிப்புகளில் சிலவற்றை நகலெடுக்கவும் முடியாது. மற்றொன்று, புது சிப்பைக் காரின் கம்ப்யூட்டரில் தனியாகப் பதிவது. கடைக்காரர்கள் கோடிங் என்பது இதைத்தான். கொஞ்சம் கூடுதல் செலவு. ஏற்கெனவே ஒரு சாவியைத் தொலைத்தவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காரணம், பல கார்களில் கோடிங் போடும்போது பழைய பட்டியல் முழுவதும் அழிந்து, அந்த நேரத்தில் கையில் காட்டிய சாவிகள் மட்டும் புதிதாகப் பதியும். தொலைந்த சாவி யார் கையில் கிடைத்தாலும் அதை வைத்துக் காரை ஓட்ட முடியாது. கதவை மட்டும் திறக்கலாம், எனவே உள்ளே மதிப்புள்ள பொருளை விட்டுவைக்காதீர்கள். கோடிங்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் எடுத்துப் போக வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். விட்டுப்போன சாவி வேலை செய்யாமல் போகும்.

இனி விலை. நான் தருவது சாதாரண ஹேட்ச்பேக், செடான் கார்களுக்கு வெளிச் சாவிக்காரரிடம் ஆகும் உத்தேசக் கணக்கு. ஊருக்கும் காருக்கும் ஏற்ப மாறும். ரிமோட் இல்லாத சிப் சாவி 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய் வரை. ரிமோட்டோடு சேர்ந்தது 2,500 ரூபாயிலிருந்து 5,000 வரை. ஷோரூமில் இவை இன்னும் கூடும். எல்லாச் சாவியும் தொலைந்த நிலையில் இதே வேலைக்கு இதைவிடக் கணிசமாக அதிகம் கேட்பார்கள்.

இந்தக் கணக்கில் மிச்சம் பிடிக்க ஓர் இடம் இருக்கிறது. தொலைந்தது ரிமோட் சாவி என்பதற்காக மறுபடியும் ரிமோட் சாவியே வாங்க வேண்டும் என்று சட்டமா? தினமும் கையாள ஒரு ரிமோட் சாவி இருக்கிறது. அவசரத்துக்கு வீட்டில் வைக்கும் இரண்டாவது சாவிக்கு ரிமோட் எதற்கு? சிப் சாவி போதும். கதவைக் கையால் திறந்தால் ஆயிற்று. கார் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள், சிப் இல்லாத வெறும் பிளேடு ஒன்றை வெட்டி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சில நூறு ரூபாய்தான், இன்ஜினை அது ஓட்டாது என்பதால் தொலைந்தாலும் பெரிய பயமில்லை. ரிமோட்டில் பூட்டிய காரை வெறும் சாவியால் திறந்தால் சில கார்களில் அலாரம் அலறும். பதற வேண்டாம், அசல் சாவியைத் துளையில் போட்டுத் திருப்பினால் அடங்கிவிடும்.

பிளேடை எதைப் பார்த்து வெட்டுகிறார் என்பதையும் கவனியுங்கள். பத்து வருஷம் ஓடித் தேய்ந்த சாவியை வைத்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். சாவி எண்ணைக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதிகம் பயன்படாத சாவியைக் கொடுங்கள். நகலை வைத்து நகல் எடுப்பதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி வெட்டிய சாவி ஒரு நாள் இக்னிஷனில் மாட்டிக்கொள்ளும். அப்போது போகும் காசு சாவிக்கானது இல்லை, பூட்டுக்கானது.

ஒன்றுமே இல்லாவிட்டால்

எல்லாச் சாவியும் போய்விட்டது. ஷோரூமுக்குப் போனால், ஆர்.சி., அடையாள அட்டை நகல், ஒரு கோரிக்கைக் கடிதம் கேட்பார்கள். சேஸிஸ் எண்ணை வைத்துக் கம்பெனிக்கு ஆர்டர் போடுவார்கள். சாவி வந்து சேர நாலு நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். கோடிங்குக்குக் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவர வேண்டும். சாவி இல்லாத கார், ஸ்டீயரிங் பூட்டியிருக்கும், ஆட்டோமேட்டிக் என்றால் கியரும் ‘பி’யில் பூட்டியிருக்கும். சக்கரங்கள் தரையில் படாமல் முழுதாக ஏற்றிச் செல்லும் வண்டிதான் வேண்டும். அந்த வாடகையும் உங்கள் கணக்கில்தான். சில சமயம் முழுப் பூட்டு செட்டையே மாற்றச் சொல்வார்கள். கார் இன்னும் வாரண்டியில் இருக்கிறது, அவசரமில்லை என்றால் இந்த வழிக்கு ஓர் அர்த்தம் உண்டு. மற்றவர்கள் சாவிக்காரரையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். ஷெவர்லே 2017 முடிவோடு இந்திய விற்பனையை நிறுத்திக்கொண்டது, ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் கைகொடுப்பது பெரும்பாலும் சாவிக்காரர்தான்.

அவர் கார் நிற்கும் இடத்துக்கே வருவார். டிரைவர் பக்கக் கதவின் பூட்டில் தட்டையான கருவி ஒன்றை நுழைப்பார். பூட்டுக்குள் பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு தகட்டுக்கானது. கருவியின் முனையால் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, கருவியின் மேல் பொறித்த கோடுகளைப் பார்த்து, ‘ரெண்டு, ஒண்ணு, மூணு, மூணு’ என்று ஆழத்தைக் குறித்துக்கொள்வார். பைக்கில் கட்டிவந்த வெட்டு மெஷினில் அந்த எண்களைப் போட்டால் சில நிமிஷத்தில் பிளேடு தயார். கதவு திறக்கும், இக்னிஷன் திரும்பும், இன்ஜின் மட்டும் ஓடாது. பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கோடிங் கருவியைச் செருகுவார். பல கார்களுக்கு ரகசிய பின் எண் தேவை. ஷோரூம் அதைச் சேஸிஸ் எண் மூலம் எடுக்கும்; சாவிக்காரரின் கருவி பெரும்பாலும் காரின் கம்ப்யூட்டரிலிருந்தே படித்துக்கொள்ளும்.

அவரை வரச் சொல்வதற்கு முன் இரண்டு காரியம். காரின் தயாரிப்பு, மாடல், வருஷம், சாவியின் வகை எல்லாவற்றையும் சொல்லி, ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு’ என்று கேட்டுத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். போனில் ஆயிரத்து ஐந்நூறு என்றவர், கார் அருகே வந்ததும் ‘சிப் தனி, கோடிங் தனி, வந்துபோற செலவு தனி’ என்று ஏற்றுவது சகஜம். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இரண்டாவது, கார் பேட்டரி. சாவி தொலைந்து வாரக்கணக்கில் நின்ற காரின் பேட்டரி இறங்கியிருக்கும். கோடிங் நடுவே மின்சாரம் விழுந்தால் காரின் கம்ப்யூட்டரே பழுதாகலாம். பேட்டரியில் சந்தேகம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், சார்ஜரோடு வருவார்.

ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்கும் சாவிக்காரரை நம்பலாம். ஒன்றும் கேட்காமல் காரைத் திறந்து சாவி போட்டுத் தருகிறவர், நாளைக்கு உங்கள் காரை இன்னொருவருக்கும் அதே மாதிரி திறந்து கொடுப்பார். ஆர்.சி.யும் சாவியோடு பையில் தொலைந்துவிட்டது என்றால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ எடுத்துக் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கோடிங் கருவியின் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பல கார்களில் பதிவான சாவிகள் எத்தனை என்று அதில் தெரியும். உங்கள் கையில் இரண்டு சாவி, திரையில் மூன்று என்றால், மூன்றாவது யாரிடம் இருக்கிறது? தொலைந்த பழைய சாவி அழியாமல் இருக்கிறதா, இல்லை புதிதாக ஒன்று ஏறியிருக்கிறதா? எதுவானாலும் அழித்துவிட்டு உங்களுடைய இரண்டை மட்டும் பதியச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு சாவியாலும் காரை ஸ்டார்ட் செய்து சில நிமிஷம் ஓடவிடுங்கள். நாலு கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாம் திறக்கிறதா, ஸ்டீயரிங் பூட்டு விடுகிறதா, ரிமோட் பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரே வேலையில் இரண்டு சாவியாகப் பதிந்துகொள்வது புத்திசாலித்தனம். பூட்டைப் படிப்பதும் கருவியை இணைப்பதும் ஒரு முறைதான், இரண்டாவது சாவிக்குக் கூடுவது பொருளின் விலையும் சிறு கூலியும்.

வீட்டு முகவரி இருந்த பையோடு சாவி திருடு போயிருந்தால் மட்டும் சிப்பை அழிப்பதோடு நிறுத்த வேண்டாம். பூட்டையும் மாற்ற வேண்டும். அதற்கும் முழு செட் வாங்குவது கட்டாயமில்லை. பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகடுகளின் வரிசையை மாற்றிப் போட்டு, அதற்கேற்ப சாவியை வெட்டித் தரக்கூடிய கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார்கள்

ஸ்மார்ட் கீ தொலைந்தால் குறுக்கு வழிகள் குறைவு. ரிமோட் இல்லாத மலிவு வடிவம் இதில் கிடையாது. வெளியில் ஏறத்தாழ 5,000 ரூபாயில் தொடங்கி 12,000, அதற்கு மேலும் போகும். ஷோரூமில் இதற்கும் மேல், ஆடம்பரக் கார்களுக்குப் பல பத்தாயிரங்கள். ஆன்லைனிலோ சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகங்கள் கடையிலோ கழற்றி எடுத்த ஸ்மார்ட் கீ பாதி விலைக்குக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். ஒரு காரில் பதிந்த கீயை இன்னொரு காரில் பதிய பெரும்பாலும் முடியாது. வாங்குவதானால் புதிது, அல்லது சாவிக்காரர் தானே பொறுப்பெடுத்துத் தரும் யுனிவர்சல் கீ. யுனிவர்சல் கீயில் கம்பெனிச் சின்னம் இருக்காது, பிளாஸ்டிக் சற்று மட்டமாக இருக்கும், வேலை செய்யும்.

ஸ்மார்ட் கீ ‘செத்துவிட்டது’ என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்று. பேட்டரி தீர்ந்த கீயை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஓடும். கதவைத் திறக்க, கீயின் பக்கவாட்டுக் கொக்கியை இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் உலோக பிளேடு வெளியே வரும். சில மாடல்களில் கதவின் சாவித்துளை கைப்பிடி மூடிக்குள் மறைந்திருக்கும். காரோடு வந்த கையேட்டில் இது படத்தோடு இருக்கிறது.

போலீஸும் இன்சூரன்ஸும்

சாதாரண கார் பாலிசி தொலைந்த சாவிக்குப் பணம் தராது. சாவி மாற்றுக்கென்று தனி ஆட்-ஆன் இருக்கிறது. அதை முன்பே வாங்கியிருந்தால்தான் கேட்க முடியும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது. ஆட்-ஆன் இருந்தால், சாவிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் கம்பெனிக்குச் சொல்லுங்கள். எங்கே செய்ய வேண்டும், எந்தப் பில் செல்லும், எஃப்.ஐ.ஆர். வேண்டுமா, காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் தரும் சி.எஸ்.ஆர். ரசீது போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை முடித்துவிட்டுக் கையால் எழுதிய துண்டுச் சீட்டோடு போனால் காசு வராது. ஸ்மார்ட் கீ காருக்கு இந்த ஆட்-ஆன் வாங்கலாம் என்பது என் கருத்து. இரண்டு சாவியும் பத்திரமாக இருக்கும் சாதாரண காருக்கு அந்தப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஆட்-ஆன் இல்லாதவர்களும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போட வேண்டும். கார் திருடு போய் கிளெய்ம் கேட்டால் அவர்கள் முதலில் கேட்பது இரண்டு அசல் சாவிகளை. ஒன்றுதான் இருக்கிறது என்றால், மற்றதைக் காருக்குள்ளேயே விட்டீர்களா, யாரிடமாவது கொடுத்தீர்களா என்று ஆரம்பித்துப் பணம் இழுபறியாகும். இது நுகர்வோர் ஆணையம் வரை போகிற தகராறு. சாவி தொலைந்த நாளிலேயே சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, புதுச் சாவி போட்ட பில்லையும் அதோடு சேர்த்து வைத்துவிட்டால் உங்கள் பக்கம் எழுத்தில் இருக்கும்.

புதுக் கீ செயினில் உங்கள் பெயர், முகவரி, கார் எண் எதுவும் வேண்டாம். ஒரு கைபேசி எண் மட்டும் போதும். எடுத்தவர் நல்லவராக இருந்தால் கூப்பிடுவார், கெட்டவராக இருந்தால் எந்தத் தெருவில் எந்தக் காரைத் தேடுவது என்று தெரியாது.

கடைசியாக, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு. விலை பேசி முடிக்கும் முன் இரண்டாவது சாவியைக் கேளுங்கள். ‘வீட்ல இருக்கு சார், அப்புறம் கொடுத்தனுப்புறேன்’ என்ற பதிலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தச் சாவி பெரும்பாலும் வராது. இல்லை என்றால், அந்தக் காருக்கு ஒரு சாவியும் கோடிங்கும் என்ன ஆகும் என்று விசாரித்து அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். டெலிவரிச் சீட்டில் ‘ஒரு சாவி மட்டுமே பெறப்பட்டது’ என்று எழுதி விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். காரை வீட்டுக்கு ஓட்டிவந்த அதே வாரத்தில் பழைய பதிவுகளை அழித்து, உங்கள் பேரில் இரண்டு சாவியாகப் பதிந்துவிடுங்கள்.